தங்கை நிதியியல் கணிதம் படிக்க ஆசைப்படுகிறாள் – கிருஷ்ணகிரியிலிருந்து என்ன வழி?

காவேரிப்பட்டணத்து அண்ணன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கிறேன். தங்கை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். கணிதமும் கணினி அறிவியலும் உள்ள பிரிவு. கணக்கில் கெட்டிக்காரி.

தோழி ஒருத்தியிடம் பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகம் வாங்கிப் பார்த்திருக்கிறாள். அதில் நிதியியல் கணிதம் என்று ஒரு பாடம் இருக்கிறதாம். தவணைப் பங்கீட்டுத் தொகை, பங்கு, கடன் பத்திரம் எல்லாம் வருகிறது. இரண்டு நாளில் அந்தப் பாடத்தின் கணக்குகள் எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டு, "இதையே டிகிரியாகப் படிக்கலாமா?" என்று கேட்கிறாள்.

விசாரித்ததில், பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் ஒருவர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ஆகும், முடித்தால் பெரிய வங்கியில் வேலை நிச்சயம் என்றார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப் போகும் முதல் ஆள் அவள். கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாம் என்று அம்மா சொல்கிறார். எனக்கு இந்தப் படிப்பு என்னவென்றே தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மொரப்பூர் ரயில்:

இதே கேள்விதான் எனக்கும், தம்பிக்காக. பின்தொடர்கிறேன்.

பென்னாகரம் கணக்கு ஆசிரியர்:

தம்பி, முதலில் தங்கச்சிக்கு என் வாழ்த்து. முப்பது வருடமாக மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பாடத்திட்டத்தில் இல்லாத பாடத்தைத் தானாக எடுத்துப் போட்டுப் பார்க்கும் பிள்ளைகள் அந்த முப்பது வருடத்தில் எனக்கு எத்தனை பேர் கிடைத்தார்கள் என்று எண்ணினால் இரண்டு கை விரல் போதும்.

படிப்பு என்னவென்று கேட்டீர்கள். இன்று கையில் இருக்கும் நூறு ரூபாயும் அடுத்த வருடம் வரப்போகும் நூறு ரூபாயும் ஒன்றல்ல. முதல் பாதி இதிலிருந்து வருகிறது: கூட்டு வட்டி, தவணை, ஓய்வூதியம், காப்பீட்டுப் பிரீமியம். அடுத்த வருடம் அந்த நூறு ரூபாய் வருமா வராதா என்பதே உறுதியில்லை. அதை நிகழ்தகவால் அளப்பது இரண்டாவது பாதி. கடினமான பாதியும் அதுதான். 1900ஆம் ஆண்டிலேயே பாரிஸில் லூயி பாஷெலியே என்பவர் பங்குச் சந்தை விலைகளின் ஏற்ற இறக்கத்தை நிகழ்தகவு வைத்து ஆராய்ந்து முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். வெகுகாலம் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1973இல் பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் மூவரின் கட்டுரைகள் வந்த பிறகுதான் இந்தத் துறை விரிந்தது.

பேர் புதிது, சாமான் பழையது. உள்ளே போனால் வகையிடல், தொகையிடல், அணிகள், நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடு. தங்கச்சி பிளஸ் டூவில் பார்த்த அதே ஆட்கள்தான், கொஞ்சம் வளர்ந்து வந்திருப்பார்கள்.

அவளுக்கு ஒரு கணக்கு கொடுங்கள். சந்தையில் தண்டல் விடுகிறார்களே, நூறு நாள் தண்டல். 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். நாளைக்கு நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். ஒன்பதாயிரத்துக்கு ஆயிரம், அதாவது 11 சதவீத வட்டி என்றுதான் வாங்குகிறவர் நினைக்கிறார். உண்மையான வட்டி என்ன? ஒன்று நினைவிருக்கட்டும், முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. விடையை இங்கே எழுதச் சொல்லுங்கள்.

ஓசூர் டு எலக்ட்ரானிக் சிட்டி:

நான் தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்.சி. கணிதம், அப்புறம் எம்.எஸ்.சி. புள்ளியியல். இப்போது பெங்களூரில் ஒரு வங்கியில் கடன் இடர் பிரிவில் ஆறாவது வருடம். தினமும் ஓசூரிலிருந்துதான் போய் வருகிறேன், அதனால் இதைப் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணா, "வேலை நிச்சயம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எங்கள் பிரிவில் ஆள் எடுக்கும்போது நேர்காணலில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். டிகிரியின் பெயரில் நிதி என்ற சொல் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கேட்கும் கேள்வி இப்படி இருக்கும்: ஒரு நாணயத்தை அடுத்தடுத்து இரண்டு தலை விழும்வரை சுண்டிக்கொண்டே இருந்தால், சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டியிருக்கும்? விடை 6. விடையைவிட அதற்கு எப்படி வந்து சேர்கிறார்கள் என்பதைத்தான் கவனிப்போம். அதோடு பைதானில் ஒரு சின்ன நிரல், எஸ்.க்யூ.எல்.லில் தரவு எடுப்பது, அவ்வளவுதான்.

வேலையையும் சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கான கடன் கணக்குகளை வைத்துக்கொண்டு, எது திரும்பி வராமல் போக எவ்வளவு வாய்ப்பு, போனால் எவ்வளவு நஷ்டம் என்று கணிப்போம். பாதி நாள் தரவைச் சுத்தம் செய்வதிலேயே போய்விடும். ஆனாலும் இதைக் கணிக்க ஒரு கணித மாதிரியைக் கட்டி, அது சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போகிறதா என்று ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது கிடைக்கும் நிறைவு எனக்குப் பெரிது.

இரண்டரை லட்சம் வீதம் மூன்று வருடம் என்றால் ஏழரை லட்சம். அந்தப் பணம் கடனாக இருந்தால் வேண்டவே வேண்டாம் என்பேன்.

ராயக்கோட்டை, இப்போது இங்கிலாந்தில்:

முந்தைய பதிவோடு எனக்குப் பாதி உடன்பாடு. நிதியியல் கணிதம் என்ற பெயரிலேயே பட்டப்படிப்பு படித்தவன் நான். இங்கிலாந்தில் அது மூன்று வருடம். முதல் வருடம் சாதாரணக் கணித மாணவர்களோடு ஒரே வகுப்பு: நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு. இரண்டாம் வருடம் புள்ளியியல், சமவாய்ப்புச் செயல்முறைகள், வட்டிக் கணிதம். மூன்றாம் வருடம்தான் விருப்ப ஒப்பந்தங்களின் விலை, காலத்தொடர், இடர் என்று துறைக்குள் முழுதாகப் போனோம்.

தனிப் பட்டத்தால் என்ன லாபம் என்றால், எதற்குப் பின் எதைப் படிக்க வேண்டும் என்று பாதை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கணிதம் படிக்கும் பிள்ளை இதைத் தானே தேடித் தேடிச் சேர்க்க வேண்டும். வழிகாட்ட ஆள் இல்லாத ஊரில் அது லேசான காரியமல்ல. இங்கே சில பல்கலைக்கழகங்களின் பட்டத்துக்கு ஆக்சுவரி (காப்பீட்டுக் கணிப்பாளர்) தேர்வில் சில தாள்களுக்கு விலக்கும் உண்டு.

ஆனால் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் உள்ளூர் மாணவரைவிடப் பல மடங்கு. என் கல்விக் கடன் இன்னும் முடியவில்லை. ஆகவே அண்ணா, அந்தப் பெங்களூர் கல்லூரியில் பாடப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். மெய்ப்பகுப்பாய்வும் நிகழ்தகவும் குறைந்தது இரண்டிரண்டு பருவம் இருக்க வேண்டும். அது இல்லாமல் மேலாண்மை, சந்தைப்படுத்தல், கணக்குப் பதிவியல் என்று நிரப்பியிருந்தால் அது பெயரை மாற்றி வைத்த வணிகவியல். அதற்கு இரண்டரை லட்சம் கொடுக்க வேண்டியதில்லை.

பாலக்கோடு ஆடிட்டர் ஆபீஸ்:

வணிகவியலைக் குறைவாகப் பேச வேண்டாமே. பி.காம். சேர்த்துவிட்டு சி.ஏ. எழுதச் சொல்லுங்கள். நம்ம ஊரிலேயே இருந்து பிழைக்கலாம். இடர் மாதிரி, அது இது என்று படித்தால் வேலைக்குப் பெங்களூர், சென்னை, மும்பைதான். பெண் பிள்ளை, குடும்பம் என்று யோசிக்க வேண்டும்.

தர்மபுரி அக்கா:

சார், சி.ஏ. நல்ல படிப்புதான். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பிடித்தது கணக்கு. நடந்து முடிந்த வரவு செலவைச் சரிபார்ப்பது ஒரு வேலை, இனி நடக்கப்போவதை அளப்பது வேறொரு வேலை. வெளியூர் போவதை வைத்துப் பெண் பிள்ளைகளின் படிப்பை முடிவு செய்தால், நான் இன்று இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் ஆக்சுவரி தேர்வுகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். காப்பீட்டுக் கணிப்பாளர் என்று தமிழில் சொல்லலாம். ஆயுள் காப்பீட்டில் எந்த வயதுக்காரருக்கு எவ்வளவு பிரீமியம், நிறுவனம் எவ்வளவு பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கணிப்பவர்கள் இவர்கள். பழைய தொழில் இது. எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று ஒரு நகரத்தின் பதிவேட்டை வைத்து 1693லேயே அட்டவணை போட்டு, அதிலிருந்து ஆண்டுத்தொகைக்கு (உயிரோடு இருக்கும்வரை ஆண்டுதோறும் தரும் பணம்) விலை சொன்னார் எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி.

இந்தியாவில் இதற்கு இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தாலே அவர்களுடைய ஏசெட் நுழைவுத் தேர்வை எழுதலாம். அப்புறம் பத்துக்கும் மேற்பட்ட தாள்கள். வருடக்கணக்கில் இழுக்கும். நான் ஒரே தாளில் இரண்டு முறை தோற்றிருக்கிறேன். இதில் உள்ள வசதி என்னவென்றால், எந்தக் கல்லூரியில் எந்தப் பட்டம் படித்துக்கொண்டும் எழுதலாம். நாலைந்து தாள் தேறிவிட்டால் வேலை தேடத் தொடங்கலாம். தாள்களுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் ஏழரை லட்சத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

காவேரிப்பட்டணத்து அண்ணன்:

எல்லோருக்கும் நன்றி. தங்கை ஒவ்வொரு பதிவையும் இரண்டு தடவை படித்துவிட்டாள். தண்டல் கணக்கை நோட்டில் போட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கிலாந்து அண்ணா எழுதிய "விருப்ப ஒப்பந்தம்" என்றால் என்ன என்று கேட்கிறாள்.

சந்தூர் மாந்தோப்பு:

எனக்கும் அது தெரிய வேண்டும். படிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. நாலு ஏக்கர் மா வைத்திருக்கிறேன், பாதிக்கு மேல் பெங்களூரா ரகம், கூழ் ஆலைக்குப் போவது. பூ பிடிக்கிற சமயத்தில் வியாபாரி வந்து கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி அச்சாரம் கொடுத்துவிட்டுப் போவார். அறுவடை நேரத்தில் விலை ஏறியிருந்தால் பேசின விலைக்கே ஏற்றிக்கொண்டு போய்விடுவார். விழுந்திருந்தால் ஆளைக் காணோம், அச்சாரம் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார். இரண்டு வருடம் எனக்கு இப்படி ஆகியிருக்கிறது. இதற்கு உங்கள் கணக்கில் ஏதாவது இருக்கிறதா?

பென்னாகரம் கணக்கு ஆசிரியர்:

ஐயா, நீங்கள் சொன்னதுதான் விருப்ப ஒப்பந்தம். இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றியிருக்காது. வாங்குவதற்கு வியாபாரிக்கு உரிமை இருக்கிறது, கட்டாயம் இல்லை. அந்த உரிமைக்கு அவர் கொடுக்கும் விலைதான் அச்சாரம். கேள்வி என்னவென்றால், அந்த அச்சாரம் எவ்வளவு இருந்தால் நியாயம்?

கணக்கு எளிதாக இருக்க ஒரு விலை வைத்துக்கொள்வோம். பேசிய விலை கிலோ 20 ரூபாய், பத்து டன். அறுவடையில் 30க்கு ஏறலாம், அல்லது 10க்கு விழலாம், இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு. ஏறினால் வியாபாரிக்குக் கிலோவுக்கு 10 ரூபாய் லாபம். விழுந்தால் அவர் வரப்போவதில்லை, லாபமும் இல்லை. சராசரி 5 ரூபாய். பத்து டன்னுக்கு 50,000. அவர் உங்கள் கையில் 20,000 வைத்திருந்தால், அந்த உரிமையைப் பாதிக்கும் குறைவான விலைக்கு விற்றிருக்கிறீர்கள்.

சந்தூர் மாந்தோப்பு:

நான் வாங்கினது பதினைந்தாயிரம், சார்.

ராயக்கோட்டை, இப்போது இங்கிலாந்தில்:

ஆசிரியர் ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தங்கச்சி, கவனமாகப் படி. மூன்றாம் வருடத்தில் என்னை அசர வைத்த இடம் இது.

மாங்காய்க்குப் பதில் ஒரு நிறுவனத்தின் பங்கு என்று வைத்துக்கொள். இன்று விலை 20, நாளை 30 அல்லது 10. நாளை 20 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை உன்னிடம் ஒருவர் கேட்கிறார். நீ 5 ரூபாய் வாங்கிக்கொள். இன்னொரு 5 ரூபாய் கடன் வாங்கு, வட்டியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். பத்து ரூபாய்க்கு அரைப் பங்கு வாங்கி வை. விலை 30 ஆனால் உன் அரைப் பங்கு 15 ரூபாய். உரிமை வாங்கியவருக்கு 10 கொடு, கடன் 5ஐ அடை. மீதி பூஜ்யம். விலை 10 ஆனால் உன் அரைப் பங்கு 5 ரூபாய். அவர் வரமாட்டார், கடனை அடை. மீதி பூஜ்யம்.

இதில் ஏறும் வாய்ப்பு எவ்வளவு, இறங்கும் வாய்ப்பு எவ்வளவு என்று எங்கேயாவது பயன்படுத்தினோமா? இல்லை. சரிபாதியோ, பத்தில் ஒன்பதோ, எதுவானாலும் விலை 5தான். 5க்கு மேல் விற்றாலும் கீழே விற்றாலும் யாரோ ஒருவர் இடரே இல்லாமல் லாபம் பார்ப்பார். 1979இல் காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டீன் மூவரும் இப்படி ஏற்றம்-இறக்கம் என்று படிப்படியாக வைத்து விளக்கிக் காட்டினார்கள். படிகளை மிகச் சின்னதாக்கிக்கொண்டே போனால், இந்த மாதிரி உரிமைக்கு விலை சொல்லும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் போய் முடியும்.

இது ஏன் மாங்காய்க்கு அப்படியே பொருந்தாது என்று யோசித்துப் பார்.

ஓசூர் டு எலக்ட்ரானிக் சிட்டி:

அருமையான கேள்வி. நான் சொல்லவில்லை, அவளே சொல்லட்டும்.

அதற்கிடையில் ஒரு விஷயம். சூத்திரம் தெரிந்தால் மட்டும் போதும் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஷோல்ஸும் மெர்ட்டனும் 1997இல் பொருளாதாரத்துக்கான நோபல் வாங்கினார்கள். அவர்கள் இருவரும் பங்குதாரர்களாக இருந்த எல்.டி.சி.எம். நிதியம் அடுத்த வருடமே, ரஷ்யா கடனைத் திருப்பிக் கட்டாமல் விட்டதும், சரிந்தது. பெரிய வங்கிகள் சேர்ந்து பணம் போட்டுத் தாங்க வேண்டியிருந்தது. மாதிரிக்கு அடியில் என்ன அனுமானம் இருக்கிறது, அது எப்போது உடையும் என்று கேட்கத் தெரிந்த ஆள்தான் எங்களுக்கு வேண்டும். அந்தப் பழக்கம் நிரூபணம் எழுதி எழுதித்தான் வரும். அதனால்தான் கணிதத்தையே பட்டமாக எடு என்கிறேன்.

தர்மபுரி அக்கா:

வழியையும் சொல்லிவிடுவோம். அரசு கலைக் கல்லூரிகளுக்கு டி.என்.காசா தளத்தில் ஒரே விண்ணப்பம். கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் கணிதம் போடலாம், வீட்டிலிருந்தே போய் வரலாம். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதை ஆக்சுவரி தேர்வுக் கட்டணத்துக்கு ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

கணக்கில் மிகவும் கெட்டி என்றால் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூர் வளாகத்தில் பி.மேத் என்ற கணிதப் பட்டப்படிப்பு இருக்கிறது. நுழைவுத் தேர்வு கடினம். ஆனால் உள்ளே போய்விட்டால் கற்பிப்புக் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் உண்டு. சென்னை சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம். இந்த வருடம் தேதி தாண்டியிருந்தால், பட்டம் முடித்து எம்.எஸ்.சி.க்கு முயலலாம். முதுகலைக்கும் இரண்டு இடத்திலும் தேர்வு உண்டு.

பென்னாகரம் கணக்கு ஆசிரியர்:

அக்கா சொன்னதை ஆமோதிக்கிறேன். அரசுக் கல்லூரி என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நிகழ்தகவுத் துறைக்காக 2007இல் ஏபெல் பரிசு வாங்கிய எஸ்.ஆர்.எஸ். வரதன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். அதுவும் அரசுக் கல்லூரிதான்.

தமிழ்வழிப் பிள்ளைக்கு முதல் பருவத்தில் ஆங்கிலப் புத்தகம் பயமாக இருக்கும். என் மாணவர்களுக்கு நான் சொல்வது: ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஒரு தேற்றம். புரியாத சொல்லுக்கு ஓரத்தில் தமிழ்ப் பாடநூல் சொல்லை எழுதிக்கொள்ளட்டும். சமவாய்ப்பு மாறி, பரவற்படி என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள்தான் ஆங்கிலத்தில் வேறு சட்டை போட்டு வரும். நாலு மாதத்தில் பழகிவிடும்.

காவேரிப்பட்டணத்து அண்ணன்:

வணக்கம். அண்ணன் கணக்கிலிருந்து நான் எழுதுகிறேன், தங்கை. எல்லோருக்கும் நன்றி.

மாங்காய்க் கேள்விக்கு: பங்கை இன்றைக்கு அரைப் பங்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம். மாங்காய் ஜனவரியில் பூவாக இருக்கிறது. பூவை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது, பழுத்ததையும் ரொம்ப நாள் வைக்க முடியாது. அதனால் அந்த அரைப் பங்கு வேலை இங்கே நடக்காது, ஏறுமா இறங்குமா என்ற வாய்ப்பை மறுபடியும் கணக்கில் கொண்டுவர வேண்டும். சரியா?

தண்டல் கணக்கு: நாள் வட்டி r என்று வைத்தேன். நூறு நாள், நாளுக்கு 100 ரூபாய் கட்டுவதன் இன்றைய மதிப்பு 9,000 ஆக வேண்டும், அதாவது ஒரு ரூபாய்க்கு 90. வணிகக் கணிதப் புத்தகத்தில் இருந்த தவணைச் சூத்திரத்தைப் போட்டேன். r-ஐ நேராகப் பிரித்தெடுக்க முடியவில்லை. அதனால் வைத்து வைத்துப் பார்த்தேன். 0.2 சதவீதம் வைத்தால் 90.55 வருகிறது. 0.22 வைத்தால் 89.68. நடுவில் 0.2126க்குப் பக்கத்தில் 90 வருகிறது. 365ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 77.6 சதவீதம். 11 இல்லை.

பென்னாகரம் கணக்கு ஆசிரியர்:

இரண்டும் சரி, அம்மா. r-ஐப் பிரித்தெடுக்க முடியாததும் சரிதான், அதற்குச் சூத்திரம் கிடையாது, நீ செய்தது போலத்தான் நெருங்க வேண்டும். இப்போது நாள் வட்டியை 365 முறை கூட்டு வட்டியாக ஏற்றிப் பார்.

காவேரிப்பட்டணத்து அண்ணன்:

பார்த்தேன் சார். ஒரு ரூபாய் 2.17 ரூபாய் ஆகிறது. 117 சதவீதம்.

பாலக்கோடு ஆடிட்டர் ஆபீஸ்:

தங்கச்சி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கணிதமே படி.

காவேரிப்பட்டணத்து அண்ணன்:

இப்போது அண்ணன்தான் எழுதுகிறேன். கிருஷ்ணகிரி மகளிர் கல்லூரிக்குக் கணிதம் முதல் விருப்பமாக விண்ணப்பம் போட்டாகிவிட்டது. பெங்களூர்க்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கல்லூரி தொடங்கியதும் ஏசெட் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குவதாகச் சொல்கிறாள்.

இன்னொன்று. ஆசிரியர் ஐயா கொடுத்த கணக்கு எங்கள் வீட்டுக் கணக்கேதான். அம்மா கறவை மாட்டுக்காக அதே மாதிரி ஒரு தண்டல் வாங்கியிருக்கிறார், இன்னும் 38 நாள் பாக்கி. இந்த வட்டியைக் கேட்டதும், சம்பளம் வந்தவுடன் 3,800ஐ மொத்தமாகக் கொடுத்து முடித்துவிடுகிறேன் என்றேன். தங்கை தடுத்துவிட்டாள். மீதி நாளுக்கு வட்டியைக் கழிக்காமல் 3,800 கேட்டால் ஒரே நாளில் கொடுப்பது நமக்குத்தான் நஷ்டம், அதைவிட நாளுக்கு நூறாகவே கட்டலாம், அதே வட்டியில் பார்த்தால் இன்றைய மதிப்பு 3,647தான், அதற்கு ஒப்புக்கொண்டால் மட்டும் கொடு என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தண்டல்காரர் வரும்போது அவளையே பேசச் சொல்லியிருக்கிறேன்.